கேட்டுப் பெறும் முகவரி

(திருவண்ணாமலையில் கல்லூரி மாணவர்களுக்கும் கணினிப் பணியாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்த்திகை பிறந்தால் இந்த ஊருக்கு வரும் கூட்டத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க அது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குச் சில நாள் முன்பாகக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டம் கூடுகிறது. பரணி தீபத்துக்கும் மகாதீபத்துக்கும் கட்டணச் சீட்டு இணையத்தில் விற்கப்படுகிறது அல்லவா? விற்பனை தொடங்கும் நேரத்துக்கு முன்பே ஊர் ஊராகப் பலர் கைப்பேசியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும் இதேதான். இப்படி ஒரு மணி நேரம் மட்டும் பொங்கி வரும் கூட்டத்தைத் தாங்குவதற்காகவே கிளவுட் முறை பெரிதும் பயன்படுகிறது. நான்கு சர்வர்கள் சில நிமிடங்களில் நாற்பதாக வேண்டும். கூட்டம் கலைந்ததும் மறுபடி நான்காக வேண்டும்.

புதிதாக எழுந்த அந்த முப்பத்தாறு கணினிகளுக்கும் ஐ.பி. முகவரியை யார் கொடுப்பது? ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து எண்களைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. உட்காருவதற்கு அங்கே கணினியே இல்லை. அவை விர்ச்சுவல் மெஷின்கள், சுருக்கமாக வி.எம்.கள். வெளியே இருக்கும் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்கிறோம். அதற்குள் மென்பொருளால் உருவாகி, தன்னை முழுக் கணினி என்றே நம்பி ஓடும் ஒன்றைக் கெஸ்ட் என்கிறோம். அந்தக் கெஸ்ட்டின் வலையமைப்பை எப்படி அமைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் வலியுறுத்த வந்தது ஒன்றே ஒன்று: முகவரி கணினிக்குச் சொந்தமானதல்ல, வலையமைப்புக்குச் சொந்தமானது. கெஸ்ட் அதைக் கேட்டுப் பெற வேண்டும். கெஸ்ட்டுக்குள் உட்கார்ந்து எழுதி வைக்கக் கூடாது.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தையை ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே செய்து பார்த்தது. 1972-இல் அதை வி.எம்.370 என்ற பெயரில் வெளியிட்டது. சாதாரண இன்டெல் கணினிகளில் அது பரவியது 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனத்தால். 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற மென்பொருள் வந்தது. 2007-இல் அதே வேலையைச் செய்யும் கே.வி.எம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அமேசான் 2006-இல் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் அஷூர் 2015 செப்டம்பரில் புனே, மும்பையோடு நம் சென்னையிலும் தரவு மையத்தைத் திறந்தது. அரசுப் பக்கம் பார்த்தால், தேசியத் தகவலியல் மையத்தின் கிளவுட் 2014-இல் மேக்ராஜ் திட்டத்தின் கீழ் வந்தது; தமிழ்நாட்டுக்கென்று பெருங்குடியில் மாநிலத் தரவு மையத்தை அரசு நிறுவனமான எல்காட் நடத்துகிறது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் முதலில் தொடுவது வி.எம்.களை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள். லினக்ஸை அதில் நிறுவி முகவரியைப் பார்த்தால் 10.0.2.15 என்று வரும். பக்கத்து மேசைத் தோழிக்கும் 10.0.2.15. வகுப்பு முழுக்க அதே எண். ஒரே எண் இரண்டு பேருக்கு இருந்தால் மோதும் என்று நேற்றுத்தானே பாடம் நடத்தினார்கள் என்று மாணவர் குழம்புவது நியாயம். மோதவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கெஸ்ட்டும் தன் ஹோஸ்ட்டுக்குள் தனித்தனி வலையமைப்பில் அடைந்திருக்கிறது. அது வெளியே போகும் வாசலான கேட்வே 10.0.2.2, அதுவும் மென்பொருள் காட்டும் தோற்றம்தான். இந்த முறைக்கு நாட் என்று பெயர். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. கெஸ்ட்டில் இணையதளம் ஓட்டிவிட்டு, பக்கத்து மேசையில் திறக்கவில்லையே என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான். அதற்கு பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். அப்போது ஆய்வகத்தின் ரவுட்டரே கெஸ்ட்டுக்கும் முகவரி தரும். கம்பி இணைப்பில் இது சீராக நடக்கும். வைஃபையில் பல நேரம் நடக்காது, ஏனென்றால் அங்கே அக்சஸ் பாயின்ட் ஒவ்வோர் இணைப்பிலும் தன்னிடம் பதிந்துகொண்ட ஒரு மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, மட்டுமே ஏற்கும். உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டாவது மேக் முகவரியை அது அறியாது.

முகவரி தரும் வேலையைச் செய்வது டி.எச்.சி.பி. என்ற நெறிமுறை. இதன் விதிமுறை 1997 மார்ச்சில் இன்றைய வடிவத்தை அடைந்தது. புதிதாக விழித்த கெஸ்ட், தனக்கு முகவரியே இல்லாத நிலையில், 'யாராவது இருக்கிறீர்களா' என்று வலையமைப்பு முழுக்கக் குரல் கொடுக்கிறது. டி.எச்.சி.பி. சர்வர், 'இந்த எண் இருக்கிறது, வேண்டுமா' என்கிறது. கெஸ்ட் 'வேண்டும்' என்கிறது. சர்வர் 'எடுத்துக்கொள்' என்று உறுதி செய்கிறது. எண்ணோடு கேட்வே, டி.என்.எஸ்., எவ்வளவு நேரத்துக்கு இந்த எண் செல்லும் என்ற கெடு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பதிலே வராவிட்டால் பல கெஸ்ட்கள் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தாமே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தவுடன், கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். கோளாறை வேறெங்கும் தேட வேண்டாம்.

கிளவுடில் இந்தப் பதிலைச் சொல்வது கிளவுட் தளமே. அது ஏற்கெனவே தன் பதிவேட்டில் 'இந்த மேக் முகவரிக்கு இந்த ஐ.பி.' என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கெஸ்ட்டை எழுப்புகிறது. இப்போது ஒரு பணியாளர் கெஸ்ட்டுக்குள் புகுந்து, பழைய பழக்கத்தில், நிலையான முகவரி என்று வேறோர் எண்ணை எழுதுகிறார் என்று வையுங்கள். கெஸ்ட் அதை மகிழ்ச்சியாக ஏற்கும், திரையிலும் காட்டும். ஆனால் ஒரு தரவுப் பொட்டலம்கூட வெளியே போகாது. பதிவேட்டில் இல்லாத எண்ணிலிருந்து வருவதைத் தளம் வாசலிலேயே கொட்டிவிடும். தீபத் திருவிழா நாட்களில் ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கிறார்கள். வேலூரிலிருந்து வரும் ஓட்டுநர், வழக்கமாக நிற்கும் இடம் தனக்குத் தெரியும் என்று நேரே ஊருக்குள் ஓட்டிவந்தால் தடுப்பில் நிறுத்தித் திருப்பிவிடுவார்கள். அன்றைக்கு இடம் ஒதுக்குவது அவர் கையில் இல்லை. கெஸ்ட்டின் நிலையும் அதுவே.

அப்படியானால் நிலையான முகவரியே கூடாதா? தாராளமாக வைக்கலாம். டேட்டாபேஸ் சர்வருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைத் தளத்தின் பதிவேட்டில் ஒதுக்குங்கள். கெஸ்ட் வழக்கம்போலக் கேட்கட்டும், ஒவ்வொரு முறையும் அதே எண் கிடைக்கும். ஒரே கெஸ்ட்டுக்கு இரண்டாவது, மூன்றாவது முகவரி வேண்டும் என்றால் மட்டும் சில தளங்களில் உள்ளேயும் எழுத வேண்டியிருக்கும். அந்த விதிவிலக்கைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாது.

எண்களைத் திட்டமிடுவதிலும் கவனம் வேண்டும். தனியார் பயன்பாட்டுக்கென்று 1996-இல் ஒதுக்கிய மூன்று தொகுதிகளில் 10 என்று தொடங்குவது மட்டும் ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகளுக்கு மேல் கொண்டது. இவ்வளவு இருந்தும் பலரும் தொடக்கத்தில் இருக்கும் அதே 10.0 பகுதியையே எடுக்கிறார்கள். பின்னொரு நாள் இரண்டு துறைகளை இணைக்க வேண்டி வரும்போது இருபுறமும் ஒரே எண்கள் இருக்கும், இணைப்பு நடக்காது. கெஸ்ட்டுக்குள் டாக்கர் நிறுவினால் அது கேட்காமலே 172.17 பகுதியை எடுத்துக்கொள்கிறது. உங்கள் அலுவலக வலையமைப்பும் அதே பகுதியில் இருந்தால், அலுவலகத்திலிருந்து வரும் கேள்விக்கான பதிலைக் கெஸ்ட் தனக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு இணையதளம் திறக்கும், நம் அலுவலகத்தில் மட்டும் திறக்காது. இன்னொன்று: அமேசானும் அஷூரும் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளைத் தமக்கென்று வைத்துக்கொள்கின்றன. 256 எண்கள் என்று கணக்குப் போட்டால் கையில் கிடைப்பது 251.

பொது முகவரி பற்றி ஒரு சொல். அமேசானில் கெஸ்ட்டுக்குள் போய்த் தேடினால் உங்கள் இணையதளத்தின் பொது முகவரி எங்குமே தெரியாது. உள்ளே தனியார் எண்தான் இருக்கும். பொது எண்ணுக்கும் தனியார் எண்ணுக்கும் இடையே மாற்றிக் கொடுக்கும் வேலை கெஸ்ட்டுக்கு வெளியே, வாசலில் நடக்கிறது. தனியாக ஒதுக்கி வாங்காத பொது எண், கெஸ்ட்டை நிறுத்தி மறுபடி தொடங்கினால் மாறிவிடும். மென்பொருளை அமைக்கும் இடத்தில் பொது எண்ணை எழுதிவிட்டு, அது தொடங்க மறுக்கிறதே என்று தவிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கெஸ்ட்டிடம் இல்லாத எண்ணில் அது எப்படிக் காது கொடுக்கும்?

அடுத்தது, கெஸ்ட் தன்னைப் பற்றித் தானே தெரிந்துகொள்ளும் வழி. அமேசான், அஷூர், கூகுள், ஓப்பன்ஸ்டாக் எல்லாவற்றிலும் 169.254.169.254 என்ற ஒரே எண்ணில் மெட்டாடேட்டா சேவை இருக்கிறது. விழித்தவுடன் கெஸ்ட்டில் உள்ள கிளவுட்-இனிட் என்ற மென்பொருள் பல தளங்களில் அங்கேதான் போய், என் பெயர் என்ன, எனக்கு எத்தனை நெட்வொர்க் கார்டு, யாருடைய சாவியை உள்ளே விட வேண்டும் என்று கேட்டு, வந்த பதிலின்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. அழகான ஏற்பாடு. அதே சமயம் ஆபத்தும் உண்டு. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் சுமார் 10 கோடியே 60 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் ஒன்றை ஏமாற்றி, அதைக்கொண்டே மெட்டாடேட்டா சேவையிடம் தற்காலிகச் சாவிகளைக் கேட்க வைத்தார் களவாடியவர். அந்த ஆண்டு நவம்பரிலேயே அமேசான், முதலில் ஒரு டோக்கன் பெற்ற பிறகே பதில் சொல்லும் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. உங்கள் பொறுப்பில் பழைய கெஸ்ட் ஏதாவது இருந்தால், முதல் பதிப்பை இன்றே மூடிவிடச் சொல்வேன்.

நாற்பது கெஸ்ட்கள் என்றேன். அவை எல்லாம் இமேஜ் என்ற ஒரே மூலப் பிரதியிலிருந்து நகலெடுக்கப்படுபவை. நகலில்தான் நுட்பமான சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் ஆறாம் பதிப்புகளில், பழைய கார்டின் மேக் முகவரியைக் கெஸ்ட் ஒரு கோப்பில் குறித்து வைத்திருக்கும். நகலெடுத்ததும் மேக் மாறும். முதல் கார்டு காணவில்லை, இது இரண்டாவது கார்டு என்று கெஸ்ட் முடிவு செய்யும். முதல் கார்டுக்கு எழுதிய அமைப்பு எல்லாம் வீண். இப்போதைய உபுண்டுவில் சிக்கல் வேறு உருவில் வருகிறது. ஒவ்வொரு நிறுவலுக்கும் மெஷின்-ஐடி என்று ஓர் அடையாளம் உண்டு. டி.எச்.சி.பி.யிடம் பேசும்போது அந்த அடையாளத்திலிருந்து பிறந்த பெயரைத்தான் கெஸ்ட் சொல்கிறது. இமேஜ் எடுக்கும் முன் அதை அழிக்காவிட்டால், நகல்கள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்லும். சர்வருக்கு அவை ஒரே ஆள். மேக் வேறாக இருந்தும் இரண்டு கெஸ்ட்களுக்கு ஒரே முகவரி கிடைக்கும். இணைப்பு ஒரு நிமிடம் வரும், ஒரு நிமிடம் போகும். கம்பியை மாற்று, சுவிட்சை மாற்று என்று ஒரு நாள் முழுக்க ஓடிவிடும்.

இதைவிட ஆளை அலைக்கழிப்பது எம்.டி.யூ. ஒரு பொட்டலம் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற உச்ச அளவு அது. ஈதர்நெட்டில் வழக்கமாக 1500. கிளவுடில் அது குறைவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வி.லேன் முறையில் ஏறத்தாழ நாலாயிரம் வலையமைப்புகளைத்தான் பிரிக்க முடியும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் கொண்ட கிளவுடுக்கு அது போதாது. அதனால் வி.எக்ஸ்.லேன் வந்தது, 2014-இல் அதன் விதிமுறை வெளியானது, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் பிரிக்கலாம். அது கெஸ்ட்டின் பொட்டலத்தை இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறது. அந்த வெளியுறை 50 பைட்களை எடுத்துக்கொள்கிறது. கீழேயுள்ள வலையமைப்பு 1500-இலேயே இருந்தால் கெஸ்ட்டுக்கு மிஞ்சுவது 1450. கூகுள் கிளவுடில் வழக்கமான அளவு 1460. கெஸ்ட் இதைத் தளத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் எந்தத் தொல்லையும் இல்லை. யாராவது 1500 என்று உள்ளே எழுதி வைத்தால்தான் வினை.

அதன் அறிகுறியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிங் போகும், ஏனென்றால் அது சின்னப் பொட்டலம். எஸ்.எஸ்.எச். இணைப்பு தொடங்கும்போதே நிற்கும், அல்லது உள்ளே போன பின் நீளமான ஒரு பட்டியலைக் கேட்டவுடன் உறைந்து நிற்கும். இணையப் பக்கம் பாதி வரும். சின்னது எல்லாம் போகிறது, பெரியது எல்லாம் நிற்கிறது என்றால் சந்தேகம் முதலில் எம்.டி.யூ. மீது விழ வேண்டும். வழியில் உள்ள ரவுட்டர் 'இது பெரிது, சுருக்கி அனுப்பு' என்று ஐ.சி.எம்.பி. செய்தி மூலம் சொல்லக் கூடியதுதான். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி.யை முழுக்க அடைத்து வைத்திருக்கிறோம். செய்தி சொல்ல வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டுச் செய்தி வரவில்லையே என்கிறோம். ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைக்கும் வழக்கத்தை நம் அலுவலகங்கள் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி, ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்கு மாற வேண்டிய கெஸ்ட். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. கணினிச் சேவைகளை ஒரே ஊரில் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த நாட்கள் எல்லாருக்கும் காட்டின. மாநிலத் தரவு மையத்துக்குத் துணையாகத் திருச்சியில் பேரிடர் மீட்பு மையம் இருப்பது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். இப்போது எண்ணிப் பாருங்கள்: ஓர் ஊரில் ஓடிய கெஸ்ட் இன்னோர் ஊரில் எழுந்திருக்க வேண்டும். வலையமைப்பு வேறு, எனவே முகவரியும் பெரும்பாலும் வேறு. கேட்டுப் பெறும் கெஸ்ட், புதிய இடத்தில் கேட்கும், கிடைக்கும், வேலையைத் தொடங்கும். உள்ளே எண் எழுதி வைத்த கெஸ்ட் ஊமையாக எழும். முகவரியைக் கேட்டுப் பெறுவது மட்டும் போதாது. இணையதளம் தன் டேட்டாபேஸை எண்ணைச் சொல்லி அழைத்தால், டேட்டாபேஸ் இடம் மாறிய மறுநொடி அது அநாதை. பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அந்தப் பெயர் இன்றைக்கு எந்த எண் என்று டி.என்.எஸ். சொல்லட்டும். டி.என்.எஸ். பதிலைப் பிறர் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கெடுவையும் முன்கூட்டியே சில நிமிடங்களாகக் குறைத்து வையுங்கள். ஒரு நாள் என்று விட்டிருந்தால், மாற்றம் ஊருக்குத் தெரிய ஒரு நாள் ஆகும். ஓய்வூதியமோ நிவாரணமோ கேட்டு இ-சேவை மையத்தின் வாசலில் நிற்கும் முதியவருக்கு இந்த ஒரு நாள் பெரிது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெஸ்ட்டின் கடிகாரம் பிசகினால் அதன் நிகழ்வுப் பதிவேடுகள் எதற்கும் உதவா. நம் நாட்டின் கணினிப் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று கூறியது. இதையும் இமேஜிலேயே அமைத்துவிடுங்கள்.

இனி, கைதவறிப் பூட்டிக்கொள்வது. நேரில் இருக்கும் கணினியில் வலையமைப்பைக் கெடுத்தால் எழுந்துபோய் விசைப்பலகையைத் தொடலாம். மும்பையில் ஓடும் கெஸ்ட்டில், எந்தக் கம்பி வழியாக உள்ளே வந்தோமோ அதே கம்பியைத்தான் மாற்றுகிறோம். உபுண்டுவில் வலையமைப்பை அமைக்கும் நெட்பிளானில் 'ட்ரை' என்று ஒரு கட்டளை உண்டு. மாற்றத்தைச் செய்துவிட்டு 120 நொடி காத்திருக்கும்; நீங்கள் உறுதி சொல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இதை விட்டு நேராக 'அப்ளை' கொடுப்பவருக்கு என்ன அவசரமோ! சீரியல் கன்சோல் வசதியையும், வலையமைப்பே இல்லாதபோதும் உள்ளே நுழைய ஒரு கடவுச்சொல்லையும் முதல் நாளே தயார் செய்து, ஒருமுறை நுழைந்து பார்த்தும் வையுங்கள்.

கடைசியாக ஐ.பி.வி.6 என்ற புதிய முகவரி முறை. பழைய ஐ.பி.வி.4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் காலியானது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் பங்கும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐ.பி.வி.4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. மாதம் ஏறத்தாழ 300 ரூபாய். நம் நாட்டில் 2016-இல் ஜியோ வந்த பிறகு கைப்பேசிகள் வேகமாக ஐ.பி.வி.6-க்கு மாறின, இன்று இந்தியா அதில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. கிரிவலப் பாதையில் நடப்பவரின் கைப்பேசி பெரும்பாலும் புதிய முகவரியோடு வருகிறது. அதற்குப் பதில் சொல்லும் கெஸ்ட்தான் பல இடங்களில் பழையதிலேயே நிற்கிறது. கெஸ்ட்டில் ஐ.பி.வி.6-ஐத் திறக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஃபயர்வாலில் ஐ.பி.வி.4-க்கு எழுதிய விதி ஐ.பி.வி.6-க்குச் செல்லாது, தனியே எழுத வேண்டும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பக்கவாசலைத் திறந்தே வைத்த கெஸ்ட்கள் நிறைய உண்டு.

ஆய்வகப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினியின் அமைப்புச் சாளரத்தில் முகவரியின் நான்கு எண்களைத் தட்டச் சொல்லும் பயிற்சியைத் தேர்வுக்காக வைத்துக்கொள்ளுங்கள்; அதோடு இதையும் சேருங்கள். ஒரு லினக்ஸ் கணினியில் கே.வி.எம். நிறுவி, உபுண்டு சர்வர் ஒன்றை உள்ளே எழுப்பி, அதிலிருந்து மெஷின்-ஐடியை அழிக்காமல் இரண்டு நகல் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஓடவிட்டு, என்ன முகவரி வந்தது, டி.எச்.சி.பி. பதிவேட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். பிறகு அடையாளத்தை அழித்து மறுபடி நகலெடுத்து அதையே செய்யட்டும். அடுத்து ஒரு கெஸ்ட்டில் எம்.டி.யூ.வை 1500-இலேயே விட்டு, வழியில் 1400 ஆக்கி, ஐ.சி.எம்.பி.யையும் அடைத்து, பெரிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். இதற்குப் பணம் செலவில்லை; எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள ஒரு கணினியும் ஒரு பிற்பகலும் போதும்.